இசைக்குறிப்பு மென்பொருளில் கர்சர் எங்கே நிற்க வேண்டும்?

மேற்கத்திய இசைக்குறிப்பில் நோட்டுகளை (ஸ்வரக் குறிகளை) எழுதும் ஐந்து கோட்டு வரிச்சட்டமான ஸ்டாஃபில் இசையை எழுதுவதற்கான சிறிய மென்பொருள் ஒன்றை ஓய்வு நேரத்தில் உருவாக்கி வருகிறேன். இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் நோட்டுகளைத் தொடர்ச்சியாக வாசிக்கச் சொல்லும் ஸ்லர் வளைவுகளை எப்படி வரைகிறாய், நோட்டுகளின் தண்டுகளை இணைக்கும் தடித்த கோடுகளான பீம்களின் சாய்வை எப்படிக் கணக்கிடுகிறாய் என்றுதான் கேட்பார்கள். அவை கடினமானவைதான், ஆனால் அவற்றுக்கு இசை அச்சுக்கலை நெடுங்காலமாகச் சேர்த்துவைத்த விதிகள் இருக்கின்றன. அந்த அச்சுக்கலைஞர்கள் யாரும் கவலைப்படத் தேவையில்லாதிருந்த பொருள் கர்சர். காகிதத்தில் பேனா முனை எங்கே இருக்கிறதோ அங்கே அடுத்த குறி விழுகிறது. திரையில் அந்த முனையை நாமே படைத்து, அது எங்கே நிற்கிறது, எப்படி நகர்கிறது, எதை மாற்றுகிறது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. என் நிரலில் மிக அதிகமாகத் திருத்தி எழுதப்பட்ட பகுதி அதுவே.

எளிய கேள்வியிலிருந்து தொடங்கலாம். வலது அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினால் கர்சர் எங்கே போக வேண்டும்? உரை எழுதும் மென்பொருளில் இதற்கு அநேகமாக ஒரே விடைதான் உண்டு: அடுத்த எழுத்தைத் தாண்டி நிற்க வேண்டும். இசையிலோ அதே குரலில், அதாவது ஒரு ஸ்டாஃபில் தனித்து ஓடும் அதே இசை இழையில், உள்ள அடுத்த நோட்டுக்குப் போகலாம்; அடுத்த பீட்டுக்கு, அதாவது தாளத்தின் அடுத்த தட்டுக்குப் போகலாம்; பயனர் அப்போது தேர்ந்தெடுத்திருக்கும் நோட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தள்ளிப் போகலாம்; எந்த ஸ்டாஃபிலாவது ஏதாவது ஒலிக்கத் தொடங்கும் அடுத்த கணத்துக்குப் போகலாம்; நோட்டே அல்லாத அடுத்த குறிக்கும், அதாவது பாரின் (செங்குத்துக் கோடுகளுக்கிடையே அடங்கும் தாளப் பகுதியின்) நடுவே மாறும், எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் கிளெஃபுக்கோ உரத்து வாசிக்கச் சொல்லும் குறிக்கோகூடப் போகலாம். இந்த விடைகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வேலைக்குச் சரியானது. புழக்கத்திலுள்ள மென்பொருள்களும் இதில் ஒன்றுபோல் நடப்பதில்லை. மியூஸ்ஸ்கோரின் எழுதும் முறையில் அம்புக்குறி நோட்டு நோட்டாக நகர்கிறது. டோரிக்கோவில் அதே விசை, பயனர் நிர்ணயித்த ஒரு தாளக் கட்டத்தின் அளவில் நகர்கிறது. தற்போதைய நோட்டின் நீளத்துக்கு நகர அங்கே ஸ்பேஸ் விசை இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்கு அடியில் இரண்டு வெவ்வேறு எண்ணங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கர்சர் என்பது தாளில் உள்ள ஏதோ ஒரு குறியின்மேல் அமர்ந்திருக்கும் அடையாளம் என்பது ஓர் எண்ணம். இசை ஓடும் காலத்தில் ஓர் இடத்தைச் சுட்டுவது, அந்த இடத்தில் குறி ஏதும் இல்லாவிட்டாலும் அங்கே நிற்கக்கூடியது என்பது மற்றது. முதல் எண்ணம் எழுத எளிது: எல்லாக் குறிகளும் ஏற்கனவே நினைவகத்தில் பொருள்களாக இருக்கின்றன, கர்சர் அவற்றில் ஒன்றைச் சுட்டினால் போதும். பழைய இசைக்குறிப்பு நிரல்கள் பல இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் சுட்டப்பட்ட பொருள் அழிக்கப்பட்டால் கர்சருக்கு நிற்க இடமில்லை. மௌனத்தைக் குறிக்கும் ரெஸ்ட் ஒன்று இரண்டாகப் பிளந்தால் அது எந்தப் பாதியோடு போவது என்று தெரியாது. காலியான ஒரு குரலில் எழுதத் தொடங்க வேண்டுமானால், கர்சர் ஊன்றி நிற்பதற்காகவே அங்கே கண்ணுக்குத் தெரியாத ரெஸ்டுகளை இட வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் தனித்தனியே சரிசெய்துகொண்டே போகலாம். நான் இரண்டாவது எண்ணத்தின் பக்கம் சாய்ந்தவன், இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சாய்வோடுதான் எழுதப்படுகிறது.

காலத்தில் ஓர் இடம் என்று சொல்லிவிட்டால் அதை எந்த எண்ணால் குறிப்பது என்பது உடனே எழும் கேள்வி. கால் நோட் ஒன்றை 480 சிறு பகுதிகளாகப் பிரித்து முழு எண்களில் கணக்கிடுவது, கணினிகளும் மின்னிசைக் கருவிகளும் இசைத் தகவலைப் பரிமாறும் மிடி முறை சார்ந்த மென்பொருள்களில் பரவலான வழக்கம். 480 நல்ல எண்தான். இரண்டாலும் மூன்றாலும் ஐந்தாலும் வகுபடும், அதனால் மூன்று நோட்டுக் கூட்டங்களான டிரிப்லெட்டுகளும் ஐந்து நோட்டுக் கூட்டங்களும் மிச்சமின்றி அமையும். கால் நோட்டின் இடத்தில் ஏழு நோட்டுகளை எழுதும்போதுதான் சங்கடம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 68 பகுதிகள் என்று வைத்தால் ஏழு நோட்டுகளும் முடிந்தபின் கர்சர் 476இல் நிற்கும். பீட்டுக்கு இன்னும் நான்கு பகுதி பாக்கி. காதுக்கு இது தெரியாது. ஆனால், கர்சர் இப்போது பீட்டின் தொடக்கத்தில் நிற்கிறதா என்று நிரல் கேட்டால் இல்லை என்று விடை வரும். அடுத்து எழுதும் கால் நோட், பார்க்கோட்டுக்கு நான்கு பகுதி முன்பே முடிந்து, காணச் சகிக்காத ஒரு துண்டு ரெஸ்டை விட்டுவைக்கும். ஏழின்றியும் இந்தச் சங்கடம் வரும்: 480ஐத் தொடர்ந்து பாதியாக்கினால் 128இல் ஒரு பங்கு நோட்டுக்கு 15 கிடைக்கிறது, அதற்கடுத்த பாதி முழு எண் அல்ல. ஆகவே கர்சரின் இடத்தை மேல்எண், கீழ்எண் கொண்ட பின்னமாகவே வைத்துக்கொள்கிறேன். பின்னங்களை ஒப்பிடுவதும் கூட்டுவதும் சற்று மெதுவான வேலை. கர்சர் நகர்வது மனிதரின் விரல் வேகத்தில் என்பதால் அந்த மெதுவை யாரும் உணரப்போவதில்லை.

நேரம், ஸ்டாஃப், குரல் ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால் இடம் முழுமையாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கிரேஸ் நோட்டுகள் அந்த நிம்மதியைக் கெடுக்கின்றன. முதன்மை நோட்டுக்கு முன்னால் சிறிய தலைகளோடு எழுதப்படும் இவை பாரின் கணக்கில் நேரம் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. மூன்று கிரேஸ் நோட்டுகளும் அவற்றைத் தொடரும் பெரிய நோட்டும் நேரக் கணக்கில் ஒரே புள்ளியில் குவிந்து கிடக்கின்றன. நேரத்தை மட்டும் பார்க்கும் கர்சரால் அவற்றுக்கிடையே நுழையவே முடியாது. நான் கண்ட வழி, இடத்தோடு ஒரு துணை எண்ணைச் சேர்ப்பது: பெரிய நோட்டுக்கு பூஜ்யம், அதற்கு உடனடியாக முன்னுள்ள கிரேஸ் நோட்டுக்கு −1, அதற்கு முன்னதற்கு −2 என்று பின்னோக்கிப் போகும் எண். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது முதலில் நேரத்தையும், அது சமமாயின் துணை எண்ணையும் பார்த்தால் வரிசை தானாகவே சரியாக வருகிறது. நோட்டு நோட்டாக நகரும்போது கர்சர் கிரேஸ் நோட்டுகளிலும் நின்று செல்ல வேண்டும்; பீட் பீட்டாக நகரும்போது அவற்றைக் கண்டுகொள்ளாமல் தாண்ட வேண்டும். பீட்டுகளின் வழியே விரைந்து போய்க்கொண்டிருப்பவரை ஓர் அலங்காரத்தின்மேல் தடுக்கி நிற்கவைப்பது நியாயமில்லை.

பார்க்கோட்டைத் தாண்டி நீளும் நோட்டில் இன்னொரு வகைச் சிக்கல். நான்கு பீட் கொண்ட பாரில் நான்காம் பீட்டில் தொடங்கும் அரை நோட்டைத் தாளில் அப்படியே எழுத முடியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால் நோட், அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் இணைக்கும் டை என்ற வளைகோடு என்றுதான் எழுத வேண்டும். ஒலிப்பது ஒரே நோட். கண்ணில் படுவது இரண்டு தலைகள். டோரிக்கோ இதை ஒரே நிகழ்வாகச் சேமித்து, எழுதும்போது மட்டும் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு நோட்டுகளையும் அவற்றுக்கிடையே ஒரு டையையும் சேமிக்கும் நிரல்களும் உண்டு. கர்சர் இங்கே ஒருமுறை நிற்பதா, இருமுறை நிற்பதா? ஸ்வரத்தை மாற்ற வந்தவருக்கு ஒருமுறை போதும், ஏனெனில் ஒரு தலையை மட்டும் மாற்றினால் டை பொருளற்றுப் போகும். இரண்டாம் தலையின் மேல் ஓர் உச்சரிப்புக் குறி இடவோ அந்த இடத்திலிருந்து இசையைத் திருத்தி எழுதவோ வந்தவருக்கு அங்கேயும் நிறுத்தம் வேண்டும். தேர்வை நிகழ்வின் அளவிலும் கர்சரை நேரத்தின் அளவிலும் வைத்துக்கொள்வது இதைத் தீர்க்கிறது: கர்சர் இரண்டாம் தலையிலும் நிற்கும், ஆனால் அங்கே நின்று ஸ்வரத்தை உயர்த்தினால் முழு நோட்டும் சேர்ந்து உயரும்.

மேலும் கீழும் நகர்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பியானோ இசையொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வலது கைக்கான ஸ்டாஃபில் பதினாறு பதினாறாம் நோட்டுகள் தொடர்ந்து ஓடுகின்றன; இடது கையில் பார் முழுவதற்கும் ஒரே முழு நோட். கர்சர் வலது கையின் பதினோராவது நோட்டில் நிற்கிறது. இப்போது ஒரு ஸ்டாஃப் கீழே இறங்க வேண்டும். குறியின்மேல் அமரும் கர்சருக்குக் கீழே இருப்பது ஒரே ஒரு குறிதான், ஆகையால் அது பாரின் தொடக்கத்துக்கு ஓடி முழு நோட்டின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. அங்கிருந்து மறுபடி மேலே ஏறினால் வலது கையின் முதல் நோட்டுக்குத்தான் வந்து சேரும். கீழே போய்த் திரும்பிய இரண்டு விசைத் தட்டல்களில் பத்து நோட்டுகளின் இடம் தொலைந்துவிட்டது. உரை எழுதும் மென்பொருள்கள் இதற்கு ஒப்பான பிரச்சினையை முன்பே சந்தித்திருக்கின்றன: நீளமான வரியிலிருந்து குட்டையான வரிக்கு இறங்கி மீண்டும் நீளமான வரிக்குப் போகும்போது, முதலில் இருந்த பத்தியை நினைவில் வைத்திருந்து கர்சரை அங்கேயே கொண்டு சேர்ப்பது அவற்றின் வழக்கம். இசையிலும் அப்படி ஒரு நினைவு நேரத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நேரத்தைச் சுட்டும் கர்சருக்கு அந்த நினைவுகூடத் தேவையில்லை. கீழே இறங்கினால் அது மூன்றாம் பீட்டின் பின்பாதியிலேயே, ஒலித்துக்கொண்டிருக்கும் முழு நோட்டின் நடுவே நிற்கும். அங்கே ஒரு நோட்டைத் தட்டினால் முழு நோட் அந்த இடத்தில் வெட்டுண்டு, பத்துப் பதினாறாம் நோட்டுகளின் நீளத்துக்கு, அதாவது அரை நோட்டும் அதனோடு டையால் இணைந்த அரைக்கால் நோட்டுமாகச் சுருங்கும். புதிய நோட் அதற்குப் பின் அமரும். சிலருக்கு இது அச்சமூட்டுகிறது: கண்ணுக்கு எதுவும் இல்லாத இடத்தில் கர்சர் நிற்கிறது, தட்டினால் தூரத்திலுள்ள ஒரு குறி மாறுகிறது. அதற்காகத்தான் அந்த நேரத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டுக்கு மெல்லிய நிறம் பூசிக் காட்டுகிறேன். கர்சர் எதன் நடுவே நிற்கிறது என்பது அப்போது விளங்கிவிடுகிறது.

மேல், கீழ் அம்புக்குறிகளை எதற்குக் கொடுப்பது என்பதில் இந்தத் துறை இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை. மியூஸ்ஸ்கோரிலும் சிபேலியஸிலும் அவை கடைசியாக எழுதிய நோட்டின் ஸ்வரத்தை ஏற்றி இறக்குகின்றன. டோரிக்கோவில், எழுதும்போது அவை கர்சரை ஒரு ஸ்டாஃபிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்கின்றன. ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் கர்சர் பல ஸ்டாஃபுகளின் மேல் நீண்டு, ஒரே தட்டலில் அத்தனையிலும் எழுதுகிறது. ஃபினாலே மென்பொருளின் ஸ்பீடி என்ட்ரி என்னும் எழுதும் முறை இரண்டையும் விட விசித்திரமானது, என் பார்வையில் அழகானதும்கூட: நேரத்தைக் காட்டும் செங்குத்துக் கோடும் ஸ்வரத்தைக் காட்டும் குறுக்குக்கோடும் சேர்ந்து அங்கே கர்சர். குறுக்குக்கோட்டை அம்புக்குறிகளால் விரும்பிய உயரத்துக்கு ஏற்றிவிட்டு நீளத்துக்கான எண்ணைத் தட்டினால் நோட் விழும். ஸ்வரத்தையும் கர்சரின் இடத்தில் ஒரு பரிமாணமாக ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு அது. நான் அம்புக்குறிகளை நகர்வுக்கு மட்டுமே வைத்திருக்கிறேன். இசையை மாற்றும் எந்த விசையும் வெறும் அம்புக்குறியாக இருக்கலாகாது என்பது என் பிடிவாதம். எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பதற்காகத் தட்டும் விசை, பார்த்துக்கொண்டிருப்பதையே மாற்றிவிடக் கூடாதல்லவா.

நோட் விழும் இடத்தில் ஏற்கனவே இருந்தது என்னவாக வேண்டும்? உரையில் இயல்பு, செருகுவது. பின்னால் உள்ளவை வலப்பக்கம் தள்ளிப்போகும். இசைக்குறிப்பில் இயல்பு, மேலெழுதுவது. காரணம் பார்க்கோடுகள். ஒரு பாரின் நீளம் முன்பே வரையறுக்கப்பட்டது. வயலினில் ஒரு நோட்டைச் செருகி மீதியைத் தள்ளினால் வயலின் மட்டும் மற்ற கருவிகளைவிட ஒரு பீட் பின்தங்கி ஓடும். ஆகவே பெரும்பாலான மென்பொருள்களில் புதிய நோட் அந்த நேரத்தில் இருந்த ரெஸ்டையோ நோட்டையோ அழித்துவிட்டு அமர்கிறது. அழிக்கும் விசை, நோட்டை எடுத்துவிட்டு அதே நீளமுள்ள ரெஸ்டை வைக்கிறது. இது ஒத்திசைவைக் காக்கும் நல்ல விதி. ஆனால் இசையமைப்பவர் யோசிக்கும் விதத்துக்கு அது எப்போதும் பொருந்துவதில்லை. மெட்டின் நடுவே ஒரு நோட்டை மறந்துவிட்டு எழுதிமுடித்தவருக்கு, மீதி எல்லாவற்றையும் வெட்டி ஒட்டாமல் அந்த ஒன்றை நுழைக்க வழி வேண்டும்.

2016 அக்டோபரில் டோரிக்கோ வெளிவந்தபோது என்னை மிகவும் கவர்ந்தது இதற்கு அது தந்த விடைதான். ஒரு விசையைத் தட்டிச் செருகும் முறைக்குப் போனால், பின்னுள்ள இசை முழுவதும் நகர்ந்து, பார்க்கோடுகளின்மேல் வந்து விழும் நோட்டுகள் தாமாகவே உடைந்து டையால் இணைகின்றன. இசை பார்களால் ஆனது என்று வைத்துக்கொள்ளாமல், இசை ஓடுகிறது, பார்கள் அதன்மேல் போடப்பட்ட கோடுகள் என்று அடித்தளத்திலேயே கருதியிருந்தால்தான் இது எளிதில் சாத்தியம். அதன் பின்வந்த பதிப்புகளில் செருகுதல் எத்தனை தூரம் பரவ வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்: இந்தக் குரல் மட்டுமா, இந்த வாசிப்பாளரின் எல்லா ஸ்டாஃபுகளுமா, எல்லாக் கருவிகளும் அடங்கிய முழு ஸ்கோருமா. முழு ஸ்கோர் என்றால் மற்றவர்களுக்கும் அதே இடத்தில் காலம் நீளும், ஒத்திசைவு கெடாது. நான் என் மென்பொருளில் இவற்றில் முதலாவதையும் கடைசியையும் மட்டும் வைத்திருக்கிறேன். நடுவில் உள்ளது பியானோவுக்கும் ஹார்ப்புக்கும் பயன்படும் என்று தெரியும். எனினும் மூன்றாவது நிலை ஒன்றைச் சேர்த்தால் கர்சரின் உருவத்தில் அதை எப்படிக் காட்டுவது என்பதற்கு விடை கிடைக்கும்வரை அதைச் சேர்ப்பதாக இல்லை.

உருவம் என்றதும் நிலைகளைப் பற்றி, அதாவது ஒரே விசை வெவ்வேறு சமயங்களில் வெவ்வேறு வேலை செய்யவைக்கும் ‘மோட்’களைப் பற்றிப் பேசியாக வேண்டும். இடைமுக வடிவமைப்பில் நிலைகளே கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்ட கணினி விஞ்ஞானி லாரி டெஸ்லர் தன் காரின் எண்பலகையிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று எழுதிவைத்திருந்தார். அவருடைய வாதத்தை நான் ஏற்பவன். ஆனால் இசைக்குறிப்பு மென்பொருளில் நிலைகளின்றி விசைப்பலகையால் எழுதுவது இயலாது என்றும் நினைக்கிறேன். ஏ முதல் ஜி வரையுள்ள எழுத்துகள் ஸ்வரங்களாகவும், பாடல் வரி எழுதும்போது எழுத்துகளாகவும், வேறு நேரங்களில் கட்டளைகளாகவும் இருந்தாக வேண்டியிருக்கிறது. தவிர்க்க முடியாத நிலையை மறைக்காமல் காட்டுவது ஒன்றே வழி, அதைக் காட்டும் இடம் திரையின் மூலையிலுள்ள கருவிப்பட்டை அல்ல. எழுதுபவரின் கண் கர்சரின்மேல் இருக்கிறது. நிலையும் அங்கேயே தெரிய வேண்டும். மேலெழுதும்போது வெறும் கோடு, செருகும்போது அடியில் ஒரு ஆப்புவடிவம், ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை அடுக்கும்போது கூட்டல் குறி, கிரேஸ் நோட்டுக்குக் குட்டையான கோடு என்று வைத்திருக்கிறேன். குரலைக் காட்ட நிறம்: முதல் குரலுக்கு நீலம், இரண்டாவதற்குப் பச்சை என்ற வழக்கத்தை சிபேலியஸும் மியூஸ்ஸ்கோரும் வேரூன்றச் செய்துவிட்டன, அதை மாற்றுவதால் யாருக்கும் லாபமில்லை. நிறக்குறைபாடு உள்ளவர்களுக்காக, நிறத்தோடு கூட நோட்டின் தண்டு எந்தப் பக்கம் போகும் என்பதையும் கர்சரின் உச்சியில் ஒரு சிறு குறியாக வரைகிறேன்.

எந்த எண் எந்த நீளம் என்பது இந்தத் துறையின் சிறிய அபத்தம். கால் நோட்டுக்கு சிபேலியஸின் எண்பலகையில் 4, மியூஸ்ஸ்கோரிலும் ஃபினாலேயிலும் 5, டோரிக்கோவில் 6. 1988இல் வந்த ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டபோது, அதையே பல்லாண்டுகளாகப் பயன்படுத்தியவர்கள் விரல்களுக்கு மறுபயிற்சி கொடுக்க வேண்டியதாயிற்று. எண்ணை மாற்றி அமைத்துக்கொள்ள விடுவது எளிய உதவி. நீளத்தை முதலில் சொல்லிவிட்டு ஸ்வரத்தைத் தட்டுவதா, ஸ்வரத்தைச் சொல்லிவிட்டு நீளத்தைத் தட்டுவதா என்ற வரிசைப் பழக்கம் அதைவிட ஆழமானது, ஏனெனில் கர்சர் எப்போது முன்னே நகர்கிறது என்பதே அதனால் மாறுகிறது. நீளம் முதலில் என்றால் ஸ்வர எழுத்தைத் தட்டிய கணமே நோட் விழுந்து கர்சர் நகரும். ஸ்வரம் முதலில் என்றால் எழுத்தைத் தட்டியபின் கர்சர் அங்கேயே காத்திருந்து, எண் வந்தபின்தான் நகரும். அந்தக் காத்திருப்பின்போது இன்னும் விழாத நோட்டை மங்கலாகக் காட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விசை வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி தட்டுவார்கள்.

எழுத்தைத் தட்டினால் நோட் எந்த ஆக்டேவில், அதாவது ஒரே பெயருள்ள ஸ்வரங்களில் எந்த உயரத்தில் உள்ளதில், விழ வேண்டும் என்பது சிறிய கேள்விபோலத் தோன்றும். எழுதும் வேகத்தைத் தீர்மானிப்பதில் இதற்கு இணையான வேறொன்று இல்லை. முந்தைய நோட்டுக்கு மிக அருகில் விழட்டும் என்பது பொது வழக்கம். இந்த அருகாமையை எதைக் கொண்டு அளப்பது? பியானோவின் கறுப்பு, வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் ஆக்டேவில் பன்னிரண்டு படிகள், பன்னிரண்டு இரட்டைப்படை எண். எஃப் ஸ்வரத்திலிருந்து பி ஸ்வரத்துக்கு மேலேயும் ஆறு படி, கீழேயும் ஆறு படி என்று சமமாக வந்து நிரல் திகைத்து நிற்கும். ஸ்டாஃபின் கோடுகளையும் இடைவெளிகளையும் எண்ணினால் ஆக்டேவில் ஏழு படிகள். ஏழு ஒற்றைப்படை என்பதால் சமநிலை ஒருபோதும் வராது: ஒரு பக்கம் மூன்று என்றால் மறுபக்கம் நான்கு. உரையாக இசையை எழுதும் லில்லிபாண்டின் சார்பு முறை இப்படித்தான், ஸ்வரத்தை அரைப்படி ஏற்றி இறக்கும் ஷார்ப், ஃப்ளாட் எதையும் பொருட்படுத்தாமல் எழுத்துப் பெயர்களை மட்டும் எண்ணுகிறது. பயனர் சில நாட்களிலேயே இதை மனத்தில் கணக்கிடப் பழகிவிடுகிறார். சியிலிருந்து ஜி என்றால் கீழே போகும் என்று தெரிந்து, மேலே வேண்டுமானால் ஆக்டேவை ஏற்றும் விசையையும் சேர்த்தே தட்டுகிறார். நினைத்ததைச் செய்யும் புத்திசாலி நிரலைவிட, முன்கூட்டியே கணிக்க முடிகிற நிரலே விரலுக்கு உகந்தது.

முந்தைய நோட் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். கடைசியாகத் தட்டிய நோட்டா, கர்சர் நிற்கும் இடத்துக்குக் காலத்தில் முந்தியதா? தொடர்ந்து எழுதும்போது இரண்டும் ஒன்று. கர்சரைப் பத்துப் பார் பின்னே கொண்டுபோய் ஒரு திருத்தம் செய்யும்போது வேறாகின்றன. அங்கே பொருத்தமானது காலத்தில் முந்தியதே, அதுவும் அதே குரலில். நேரத்தைச் சுட்டும் கர்சர் அந்தக் கேள்விக்கு விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது.

கர்சரைத் திரையில் எங்கே வரைவது என்பதில் கணிதம் கொஞ்சம் நுழைகிறது. இசை அச்சில் நீளமும் அகலமும் நேர்விகிதத்தில் இருப்பதில்லை. அரை நோட்டுக்குக் கால் நோட்டைப் போல இருமடங்கு இடம் கொடுக்கப்படுவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான். எனவே முழு நோட்டின் நடுவே நிற்கும் கர்சருக்கு x ஆயத்தொலைவைக் கண்டுபிடிக்க, அதே வரிசையிலுள்ள எந்த ஸ்டாஃபிலாவது அந்தக் கணத்தில் ஒரு நோட் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இருந்தால் அதன் தலையின் இடது விளிம்பு, இல்லையென்றால் இரு பக்கமும் உள்ள அருகிலுள்ள நோட்டுகளுக்கிடையே காலத்தின் விகிதத்தில் ஒரு புள்ளி. நான்காம் பாரின் முடிவும் ஐந்தாம் பாரின் தொடக்கமும் நேரத்தில் ஒன்று, ஆனால் இடையே வரிசை உடைந்தால் திரையில் அவை ஒரு வரிசையின் வலது ஓரமும் அடுத்த வரிசையின் இடது ஓரமும் ஆகிவிடும். எழுதப்போகும் நோட் எங்கே விழுமோ அங்கே வரைவதே சரி என்பதால் எப்போதும் அடுத்த வரிசையின் தொடக்கத்தையே தேர்கிறேன்.

எழுத எழுதப் பார்கள் அகலமாகி, ஒரு கட்டத்தில் கடைசிப் பார் அடுத்த வரிசைக்குத் தள்ளப்படும்போது, கர்சர் காலத்தில் அசையாமல் இருந்தும் திரையில் குதிக்கிறது. கண் அதைத் தொலைத்துவிடுகிறது. சிபேலியஸின் பனோரமா, டோரிக்கோவின் கேலி வியூ போன்ற, பக்கங்களின்றி இசையை ஒரே நீண்ட வரிசையாகக் காட்டும் காட்சிகள் இதற்கு மிகச் சிறந்த மருந்து. பக்கக் காட்சியிலேயே எழுத விரும்புவோருக்காக, விசைகள் ஓய்ந்து சிறிது நேரம் ஆனபிறகே வரிசைகளை மறுபடி உடைக்குமாறு வைத்திருக்கிறேன்; அதுவரை பார் சற்று நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கண்ணுக்கு அழகில்லை, ஆனால் கை நிற்பதில்லை.

மவுஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸ்டாஃபின் இரு கோடுகளுக்கிடையே 1.75 மில்லிமீட்டர் என்ற சாதாரண அச்சளவில், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் இடையே 0.875 மில்லிமீட்டர்தான், அங்குலத்துக்கு 96 புள்ளிகள் கொண்ட திரையில் அது மூன்று புள்ளிகளைச் சற்றே தாண்டும். அவ்வளவு சிறிய இலக்கைத் துல்லியமாகக் குறிபார்க்கச் சொல்வது கொடுமை. சுட்டியின் அடியில் நிழல் நோட்டைக் காட்டுவது இதனால்தான் எல்லோருக்கும் அவசியமாயிற்று.

இசையை ஒலிக்கச்செய்யும்போது ஓடும் கோடு வேறொரு கர்சர், அதை எழுதும் கர்சரோடு கலக்கக் கூடாது. திரும்பவும் வாசிக்கச் சொல்லும் குறிகள் இருந்தால், ஸ்கோரில் ஒரே இடத்தை அந்தக் கோடு இருமுறை கடக்கிறது. அதற்கு எத்தனையாவது முறை என்ற விவரமும் தேவை, எழுதும் கர்சருக்கு அது தேவையே இல்லை. ஒலி நின்றதும் எழுதும் கர்சரைத் தானாகவே அங்கே இழுத்துச் செல்வதும் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர் ஒரு சந்தேகத்துக்காகக் கேட்டுவிட்டு, விட்ட இடத்தில் தொடர விரும்புபவராக இருக்கலாம். வேண்டுமானால் வரவழைக்க ஒரு விசை உண்டு.

பாடல் வரிகளை எழுதும்போது இரண்டு கர்சர்கள் ஒன்றாக வாழ்கின்றன: அசையின் எழுத்துகளுக்கிடையே ஒன்று, அந்த அசை எந்த நோட்டுக்குரியது என்பதைச் சுட்டுவது மற்றொன்று. ஸ்பேஸ் அடுத்த நோட்டுக்குப் போகிறது. இணைப்புக்கோடு, சொல்லை உடைத்துப் போகிறது. அசையின் முதல் எழுத்துக்கு முன்னால் நின்று இடது அம்புக்குறியைத் தட்டினால் முந்தைய அசையின் கடைசி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அப்படிச் செய்தால் பயனருக்கு அது ஒரே கர்சராகத் தோன்றும்.

திரையில் உள்ளதைப் பேச்சாகச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்டு எழுதுபவருக்குக் கர்சர் என்பது முழுக்க முழுக்கப் பேச்சுதான். என்விடிஏ என்னும் திரைவாசிப்பானுடன் இணைந்து மியூஸ்ஸ்கோர் நெடுநாளாக இதைச் செய்துவருகிறது. இடத்தைப் பின்னமாகவும் குரலாகவும் துணை எண்ணாகவும் தெளிவாக வைத்திருந்தால், அதைப் பேச்சாக்குவது எளிது: ஸ்வரம், நீளம், பீட், பார், ஸ்டாஃப் என்ற வரிசையில், மாறியதை மட்டும் சொல்ல வேண்டும். அதே பாருக்குள் நகரும்போது பாரின் எண்ணை ஒவ்வொரு முறையும் சொன்னால் கேட்பவர் பொறுமையிழப்பார். முழு நோட்டின் நடுவே கர்சர் நிற்கும்போது, ‘சி, முழு நோட், தொடர்கிறது, மூன்றாம் பீட்டின் பின்பாதி’ என்று சொல்கிறது. கண்ணால் பார்ப்பவருக்கு நிறம் பூசிக் காட்டுவதன் செவிவடிவம் இது. புதிய நடத்தை ஒன்றைச் சேர்க்கும்போது, அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று முதலில் எழுதிப் பார்க்கிறேன். முடியாதவற்றைத் திரையிலும் சேர்ப்பதில்லை.

இன்னும் எனக்கு முழுத் திருப்தி தராதது செய்ததை மீளப்பெறுதல். ஐந்து நோட்டுகளை எழுதிவிட்டு, மூன்று பக்கம் தள்ளிக் கர்சரைக் கொண்டுபோய், அங்கே எதையும் மாற்றாமல் மீளப்பெறும் விசையைத் தட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் ஒரு நோட் மறைந்துபோகிறது. கர்சரின் நகர்வுகளையும் மீளப்பெறும் பட்டியலில் சேர்த்தால், ஒரு நோட்டை அழிக்க நாற்பது அம்புக்குறிகளை முதலில் அழிக்க வேண்டும், அது ஆகாது. இப்போதைக்கு ஒவ்வொரு மாற்றத்தோடும் அதற்கு முன்னும் பின்னும் கர்சர் இருந்த இடத்தைச் சேமிக்கிறேன். மாற்றம் நடந்த இடம் திரைக்கு வெளியே இருந்தால், முதல் தட்டலில் அங்கே போய் நிற்பது மட்டும் நடக்கும். இரண்டாம் தட்டலில்தான் நோட் மறையும். வேகமாகத் தட்டிப் பழகியவர்கள் இதைக் குறை சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

செருகும் முறையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. முழு ஸ்கோர் ஒரு சாளரத்திலும் வயலினுக்கான தனித்தாள் வேறொன்றிலும் திறந்திருந்தால், இரண்டு கர்சர்கள் ஒரே இசைக்குள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பீட்டைச் செருகும்போது அதற்குப் பின்னால் நிற்கும் மற்றொன்றும் ஒரு பீட் நகர்ந்தாக வேண்டும், அதில் ஐயமில்லை. இரண்டும் மிகச்சரியாக ஒரே புள்ளியில் நின்றால்? எழுதும் கர்சர், எழுதிய நோட்டுக்குப் பின்னால் போகிறது. மற்ற சாளரத்தில் உள்ளதைப் புதிய நோட்டுக்கு முன்னாலேயே நிற்க விட்டிருக்கிறேன். அந்தச் சாளரத்துக்குத் திரும்புபவர், தான் விட்டுச்சென்ற இடத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்கட்டும் என்பதற்காக.